பெஞ்சுக்கு அடியில் நடந்த வகுப்பு

உப்பளம், புதுச்சேரி
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

என் மூன்றாம் வகுப்பில் ஜெனிலா என்றொரு சிறுமி படிக்கிறாள். ஆட்டிசம் உள்ள குழந்தை. பெரிய சத்தம் கேட்டால் பயந்து வெளியே ஓடிவிடுவாள். இன்னொரு முறை ஓடினால் வேறு பள்ளிக்கு அனுப்பவேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

வியாழனன்று பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டார்கள். ஜெனிலா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். ஓடி ஒளிய வகுப்புக்குள்ளேயே ஓர் இடம் இருந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. பெஞ்சுக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். தவழ்ந்து வந்து என்னை ஒட்டிக்கொண்டாள்.

"நாங்களும் வர்ட்டா மிஸ்?" என்றாள் முன்வரிசையில் இருந்த அஞ்சலி. வகுப்பே பெஞ்சுகளுக்கு அடியில் வந்துவிட்டது.

ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியே வந்த வெயில் தரையில் அசைந்தது. எல்லோரும் கடலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நான் மெல்லிய குரலில் கதை வாசித்தேன். வெளியே வெடித்தது எங்கோ தூரத்தில் கேட்டது.

தலைமையாசிரியை வந்து குனிந்து பார்த்தார். ஜெனிலா உதட்டில் விரல் வைத்து, "கதை நடக்குது" என்றாள்.

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மாலையில் என்னிடம், "அவ இங்கயே படிக்கட்டும்மா" என்றார்.

ஒரு சின்ன வேண்டுகோள். நான் போனில் பேசும்போதெல்லாம் அம்மா மிக்ஸியை நிறுத்திவிடுகிறார்கள்; இனி நிறுத்தவேண்டாம். நம் வீட்டின் அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கட்டும்.

மழை தூறுகிறது, மாடியில் துணி காய்கிறது. ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
தேன்மொழி