ரவியின் டியூபா என் தோளில்

அன்பு மச்சான் ரவி,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். கேட்டாயா? பள்ளிக்கூட பாண்டில் ஊதிய பழக்கத்தை நம்பி, சிட்னி பென்டில் ஹில்லில் இருந்துகொண்டு மெக்சிகோக்காரரின் வாத்தியக் குழுவில் சேர்ந்தாய். டியூபா என்ற அந்தப் பித்தளை மலைப்பாம்பை நீ உடம்பில் சுற்றிக்கொண்ட அன்றே, "இது ஒருநாள் என்ர கழுத்திலதான் விழும்" என்று சிட்னி முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

விழுந்துவிட்டது மச்சான்.

உன் செத்தவீடு முடிந்து, போன கிழமை உங்கள் குழுத் தலைவர் எக்டர் வந்தார். முதலில் அழுதார். பிறகு, டியூபாவைக் கொண்டுபோகலாமா என்று மெல்லக் கேட்டார். மெல்பேர்னில் ஒரு புது ஆள் கிடைத்திருக்கிறாராம். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மேலே எவ்வளவு கத்தினாலும், அடியில் டியூபா பூம் பூம் என்று நடக்காவிட்டால் அது அவர்கள் ஊர்ப் பாட்டே இல்லையாம். வாத்தியம் குழுவினுடையது. அவரிலும் பிழையில்லை.

என் தங்கச்சி, உன் மலர், கராஜில் டியூபாவைப் பிடித்தபடி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் முந்திக்கொண்டது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்து, "இனி நீதான் ஊதவேணும்" என்று சொன்னதாக என் ஆங்கிலத்தில் விளாசினேன்.

எக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். செத்தவரை வாத்தியத்தோடு வழியனுப்புவது அவர்கள் வழக்கமாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உன் வீட்டு முற்றத்தில் குழு வாசிக்கும், நான் ஊத வேண்டும், சரிவந்தால் டியூபா இங்கேயே இருக்கலாம் என்றார்.

அவர் போனதும் மலர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணா, உண்மையா அவர் அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை."

"ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டாரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

நான் ஊதினால் கன்று ஈனும் மாடு கத்துகிற சத்தம் வருகிறது. உன் மகள், "மாமா, ஆர் யூ ஓகே?" என்று ஓடிவந்தாள். வாத்தியத்தைச் சூடேற்றுகிறேன் என்றேன். ஊர்ச் சண்டையில் ஷெல் விழும்போது பங்கருக்குள் பாட்டுப் பாடிய ஆள் நான். இப்போது உதடு நடுங்குகிறது. காற்று மட்டும் வந்தால்? எல்லார் முன்னாலும் எக்டர் அதை என் தோளிலிருந்து கழற்றினால்? மலர் என்னைப் பார்த்தால், நான் எங்கே பார்ப்பேன்?

இந்தக் கடிதம் அச்சாகும் நினைவு மலர்ப் புத்தகத்தை அன்று சாப்பாடு முடிந்தபிறகுதான் சனத்துக்குக் கொடுப்பார்கள். அதற்குள் நான் ஊதிய கதை தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன், இதில் புளுகில்லை: பூம் பூம் என்று நாலு அடியாவது உன் நடையில் நடந்து காட்டுவேன்.

மற்றதையும் மலர் வாசிக்கட்டும். வெஸ்ட்மீட்டில் நீ என் கையைப் பிடித்தது உண்மை. ஆனால் நீ கேட்டது, "மச்சான், காரை எங்க விட்டனீ?" என்று மட்டும்தான்.

உன் பெண்சாதியின் அண்ணன்,
பாலா