கீழே கிடந்த பொருட்கள்

17-8-1981, திங்கள்

காலையிலிருந்து காற்று. காவிரியில் தண்ணீர் கரை தொட்டு. பாலத்தில் பஸ் நின்றதும் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள், தினம் இதே பஸ்ஸில் வருகிறவர்கள்தான்.

என் சின்னக் கத்தரியைக் காணோம். நூல் வெட்டுவது, பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. தையல் அறை முழுக்கத் தேடியாயிற்று, பிள்ளைகளையும் கேட்டாயிற்று. பல்லால் நூலைக் கடித்தே இன்றைய பொழுது ஓடியது.

வேடிக்கை என்னவென்றால் பள்ளியில் இப்போது தொலைந்தது எல்லாம் கிடைக்கிறது. ஜூனில் நீதிபோதனை வகுப்பை என் தலையில் கட்டினார்கள். தையலுக்குப் பெரிய பரீட்சை கிடையாது, அதனால் தையல் டீச்சர் சும்மா இருப்பதாக ஸ்டாப் ரூமில் ஒரு நம்பிக்கை. அப்போது தினம் ஒரு அழுகை. பேனா போச்சு, ரிப்பன் போச்சு. கதை சொல்லிப் பார்த்தேன், கொட்டாவி விட்டார்கள். பிறகுதான் இந்த யோசனை. கீழே கிடந்த பொருளை எடுத்துக் கொடுப்பவள் பெயரைக் காலை பிரேயரில் வாசிப்பது, பள்ளி முழுக்கக் கைதட்டுவது. எச்.எம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இன்று வந்தவை:
ரிப்பன், பச்சை
ரப்பர், பாதி
காம்பஸ்
பேனா மூடி
ஒற்றைச் செருப்பு (!)

காம்பஸ் கொடுத்தது செல்வி, ஏழாம் வகுப்பு பி. ஸ்டேஷன் பக்கம் வீடு, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். எதற்காகவும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத பெண். என்னிடமும் அப்படித்தான், பொத்தான் காஜா எடுத்தால் கோணல். இன்று கைதட்டியபோது பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருக்கோ என்று நினைத்து. தனக்குத்தான் என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு.

வாங்க: கடுகு, காஜா நூல், இவருக்கு பிளேடு.

18, செவ்வாய்

வெயில். அடுத்த திங்கள் கல்வி அதிகாரி வருகிறாராம். எச்.எம். கூப்பிட்டுச் சொன்னார், "ஒங்க கைதட்டு ஐட்டத்த அவர் முன்னாடி நல்லா செய்யணும் டீச்சர். அன்னிக்கு நெறைய பொருள் கெடைக்கிற மாதிரி பாத்துக்குங்க."

கிடைக்கிற மாதிரி எப்படிப் பார்த்துக்கொள்வது? மரத்திலா காய்க்கிறது? தலையாட்டிவிட்டு வந்தேன். என் வேலைக்கு இன்னும் அப்ரூவல் வரவில்லை. காகிதம் அந்த அதிகாரி ஆபீசில்தான் தூங்குகிறது.

கணக்கு டீச்சர் சுகுணா: "ஒங்க புண்ணியத்துல நம்ம பொண்ணுங்க எல்லாம் மகாத்மா ஆயிட்டாங்க. என் குடையக்கூட யாராச்சும் கண்டுபிடிச்சுக் குடுப்பாங்களா?" குடை அவள் கையில்தான் இருந்தது. கிண்டல்.

மத்தியானம் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று டிபன் மூடியை நீட்டியது. உள்பக்கம் தயிர்சாதம் ஈரமாக ஒட்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தொலைப்பது யார்? வாங்கி வைத்துக்கொண்டேன். ஏனோ உறுத்தல்.

கத்தரி இன்னும் இல்லை.

19, புதன்

எழுத்து கோணல்.

பிரேயருக்கு முன்னால் செல்வி ஒரு ஜிமிக்கி கொண்டுவந்தாள். தங்கம். "கீழ கெடந்துச்சு டீச்சர்." பெயரை வாசித்தேன். இதுவரை இல்லாத கைதட்டு. அது அடங்குவதற்குள் அதே வகுப்பு வரிசையிலிருந்து வைதேகி அழுதுகொண்டே ஓடி வந்தாள். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். "அது கீழ விழவே இல்லை டீச்சர். திருகு லூசா இருக்குன்னு இப்பதான் கழட்டி ஜாமெட்ரி பாக்ஸ்ல பஞ்சுல சுத்தி வெச்சேன்."

செல்வி கைதட்டிய வரிசைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வைதேகியின் அப்பா வந்தார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெருமாள் கிருபை, பொருள் கெடச்சுடுத்து. நாங்க பெரிசு பண்ணப் போறதில்லை. ஆனா அந்தக் கொழந்தை பக்கத்துல எங்காத்துக் கொழந்தை ஒக்காரப்படாது. அடியேன் சொல்லிக்கறது அவ்வளவுதான்."

அவர் போனதும் எச்.எம். ஒரே வார்த்தை: "டி.சி." பள்ளியை விட்டு அனுப்புவது மட்டுமில்லை, சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'திருப்திகரமாக இல்லை' என்று போடுவாராம். அந்த வரியோடு போனால் எந்தப் பள்ளியும் அவளை வாசலில்கூட நிறுத்தாது. அவள் படிப்பு இத்தோடு சரி.

எதற்கு எடுத்தாள்? எடுத்தவள் எதற்குக் கொண்டுவந்து கொடுத்தாள்?

20, வியாழன்

முதல் பீரியட் தையல் அறைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். தலை குனிந்து நின்றாள். மெஷின் பக்கம் தரையையே பார்த்துக்கொண்டு.

"எதுக்கும்மா எடுத்தே?"

"எடுக்கல டீச்சர். குடுத்துட்டேன்ல."

"அவ பெட்டிலேந்து எடுத்தியா இல்லையா?"

"தேடித் தேடிப் பாத்தேன் டீச்சர். கீழ ஒண்ணுமே கெடக்கல. எல்லாரும் தெனம் எதாச்சும் குடுக்குறாங்க. நான் அந்தக் காம்பஸ் ஒண்ணுதான் குடுத்திருந்தேன்."

தரையைப் பார்த்தபடியே, "கைதட்டுனாங்கல்ல" என்றாள். அவ்வளவுதான். தங்கம் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகவே இல்லை. கைதட்டு வேண்டியிருந்தது. அந்த ருசியைக் காட்டியது நான்.

எல்லாரும் என்றாளே! மூன்றாவது பீரியட் ஏழு பி. தலையைக் கவிழ்த்து டெஸ்க்கில் வைக்கச் சொன்னேன், கண்ணை மூடச் சொன்னேன். கீழே கிடக்காத பொருளை எடுத்து, கிடந்தது என்று கொடுத்தவர்கள் கையைத் தூக்கலாம், யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்றேன்.

ஒரு கை. பிறகு இரண்டு மூன்று. பிறகு எண்ணவில்லை. அநேகமாக வகுப்பே கை தூக்கியிருந்தது. வைதேகியும். ஒருத்தி கவிழ்ந்த தலையைத் தூக்காமலே கேட்டாள், "அப்பறம் அவங்களுக்கே திருப்பிக் கெடச்சிடுதுல்ல டீச்சர்?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பச்சை ரிப்பன், காம்பஸ், தயிர்சாத மூடி, எல்லாம் யார் யார் பையிலிருந்தோ எடுத்தவை. அத்தனைக்கும் கைதட்டியிருக்கிறோம். இதற்குப் பெயர் நல்லொழுக்கம்!

சோறு இறங்கவில்லை. வாங்க வேண்டியது எதுவும் வாங்கவில்லை.

21, வெள்ளி

எச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லாமல், மற்ற எல்லாவற்றையும். தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள் என்றும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப என் ஸ்கூல் பூரா திருடிங்கன்னு அதிகாரிகிட்ட சொல்லட்டுமா?"

"திருட்டு இல்லம்மா, நாம பழக்கினது..."

"மத்ததெல்லாம் ரப்பர், ரிப்பன். இது தங்கம். திங்கக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. ஒங்களுக்கு அப்ரூவல் வேணுமா வேணாமா?"

வெளியே செல்வியின் அம்மா. முந்தானை ஈரம், வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் காலில் விழப் போனாள். "நாலு அடி அடிங்க டீச்சர், சூடு வைங்க, ஏன்னு கேக்க மாட்டேன். பள்ளிக்கூடத்த விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. துறையூர்ல என் நாத்தனா வீட்ல வேலைக்கு ஆள் வேணுமாம், இவள அனுப்புன்னு அவங்கப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். யாரிடம்? தெரியவில்லை. திங்கள் சாயங்காலம் வந்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

22, சனி

உத்தர வீதிக்குப் போனேன், வைதேகி வீட்டுக்கு, அவள் அப்பா எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொன்னால் டி.சி. நிற்கும் என்று. குடிக்கத் தீர்த்தம் வந்தது, வாழைப்பழம் வந்தது, சம்மதம் மட்டும் வரவில்லை. "டி.சி. குடுங்கோன்னு நாங்க சொல்லவே இல்லையே. அது ஸ்கூல் சமாசாரம்." நிஜம்தான், அவர் சொல்லவில்லை.

உங்கள் பெண்ணும்தான் கை தூக்கினாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒருவேளை செல்வி தப்பித்திருப்பாள். கதவு ஓரமாக வைதேகி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தானே கண்ணை மூடச் சொன்னேன்! முழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் செய்தது சரியா? தெரியவில்லை. தலைவலி.

23, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசையில் மனமே இல்லை. முழங்கால் மட்டும்தான் வேண்டிக்கொண்டது.

இவரிடம் சொன்னேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "மொதல்ல அப்ரூவல் வரட்டும். அப்பறம் நியாயம் பேசிக்க." குடும்பத்துக்காகச் சொல்கிறார். இருந்தாலும் அந்த நிமிஷம் அவரைப் பிடிக்கவில்லை.

மிச்சம் இருக்கும் வழி:
அ) மறுபடி எச்.எம். பயனில்லை.
ஆ) அதிகாரி முன்னால் சொல்வது.

ஆ. பயமாக இருக்கிறது. கடவுளே, அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது.

24, திங்கள்

செய்துவிட்டேன். ஒன்றுக்கும் ஆகவில்லை.

காலையில் கையெழுத்துப் போடப் போனபோது எச்.எம். பேனா மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன். பிரேயரில் அதிகாரி, மாலை, மைக், எல்லாம். நான் போய், "ஒரு பேனா கண்டெடுத்தேன்" என்றேன். கைதட்டு. அதிகாரியும் தட்டினார். பிறகு சொன்னேன். இது கீழே கிடக்கவில்லை. எச்.எம். அம்மா மேசையிலிருந்து எடுத்தேன், நீங்கள் கைதட்ட வேண்டும் என்று. இங்கே நிறையப் பேர் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தார்கள். பழக்கிவிட்டது நான். அதற்கு ஒரு குழந்தையை மட்டும் வெளியே அனுப்பப் போகிறோம்.

குரல் உடைந்து அழுதுவிட்டேன். இனி எது நடந்தாலும் சரி என்று நின்றேன்.

எச்.எம். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "பாத்தீங்களா சார், எங்க டீச்சர்ஸ் நீதிக்கதைய நாடகமாவே நடிச்சுக் காட்டுறாங்க. கண்ணுல தண்ணிகூட வந்துடுச்சு பாருங்க!"

அதிகாரி மறுபடி தட்டினார். பள்ளி முழுக்கத் தட்டியது. "ரொம்பத் தத்ரூபம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காபிக்குப் போனார். நாடகமில்லை சார் என்று பின்னாலேயே போனேன். சுகுணா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "வேலையே போயிடும், பேசாம வாங்க." ஏன் இழுக்க விட்டேன்? கையை உதறிவிட்டுப் போயிருக்கலாமே!

சாயங்காலம் செல்வியின் அம்மா டி.சி. வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டி, "என்ன டீச்சர் போட்டிருக்கு?" என்றாள். ஏழாவது வரைக்கும் படித்தாள் என்று போட்டிருக்கிறது என்றேன்.

25, செவ்வாய்

தூறல். பள்ளி விட்டதும் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் வீட்டுக்குப் போனேன். துணி மூட்டை கட்டியாயிற்று, நாளைக் காலை துறையூர் பஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பது போலவே. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்க கத்தரி கெடச்சுதா டீச்சர்?"

"இல்லம்மா."

"தையல் ரூம்லதான் கெடக்கு. மெஷின்ல மிதிக்கிற பலகைக்குப் பின்னாடி, செவத்தோரமா. அன்னிக்கு என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்பவே பாத்தேன்."

"பாத்தியா? எடுத்துக் குடுத்திருக்கலாமேம்மா!"

"எடுத்தா நான் எடுத்தேம்பாங்க டீச்சர்."

அவள் அம்மா காபி போடட்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

26, புதன்

இருந்தது. பலகைக்குப் பின்னால், சுவரோரம், அவள் சொன்ன இடத்தில். சிவப்பு நூலில் தூசி.

பிரேயரில் போய் மைக்கைப் பிடித்தேன். "சின்னக் கத்தரி. கண்டெடுத்தவர் செல்வி, ஏழாம் வகுப்பு பி. நிஜமாகவே கீழே கிடந்தது."

ஒரு கை அசையவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வைதேகி தலையைக் குனிந்துகொண்டாள். எச்.எம். விறுவிறுவென்று என் பக்கம் வந்துகொண்டிருந்தார். துறையூர் பஸ் இந்நேரம் கொள்ளிடம் தாண்டியிருக்கும்.

கையில் கத்தரி. அதைத் தரையில் வைத்துவிட்டு, நான் மட்டும் தட்டினேன்.