இரவல் டயரில் வாங்கிய எஃப்.சி.

12-7-1973, வியாழன்

இரவல் டயர் மாட்டி என் லாரிக்கு இந்த வருட எஃப்.சி. தகுதிச் சான்று வாங்கியிருக்கிறான் தம்பி சின்னசாமி. காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மாலையில் அந்த டயர்களை உரியவனிடம் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயர்களையே மாட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

கேட்டதற்கு, “எல்லாரும் பண்றதுதாண்ணா. இனி ஒரு வருசத்துக்கு எவன் கேப்பான்?” என்றான்.

“தொப்பூர் மலை எறக்கம் கேக்காதாடா?” என்றேன்.

நாளை அந்த இறக்கத்தில் புளி லோடோடு போக வேண்டியவர் டிரைவர் காசிம். அவர், “எனக்கும் ஒரு எஃப்.சி. வாங்கிக் குடுத்துருங்க சின்னவரே, மேல போனா காட்டணுமில்லீங்க?” என்றார். தம்பி சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காசிமுக்கு மூன்றும் சின்னப் பிள்ளைகள்.

சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாளை வண்டி நகராது. புளி மண்டிக்காரரிடம் தம்பியே போய்ச் சொல்லட்டும். புது டயர் ஆறும் அவனே சேலத்தில் வாங்கி வர வேண்டும். காசிம் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சாவி தருவேன். அதுவரை அவருடைய பேட்டா என் பொறுப்பு. தம்பி முரண்டு பிடித்தால், இன்ஸ்பெக்டரிடம் நானே போய் நடந்ததைச் சொல்வேன். எஃப்.சி.யை அவர் ரத்து செய்யட்டும்.