ஊற்றுத் தண்ணீரும் மூன்று கொதியும்

2024 ஜூன் 9, ஞாயிறு

அம்மா இன்றும் காப்புக்காட்டுக்குப் போய் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு பஸ், பிறகு நடை. இருள்மர வேரடியில் ஒரு பாறை கசிகிறது, அவ்வளவுதான். மரம் வெட்டப் போய்த் திரும்பாத புருஷனுக்காக ஒருத்தி அழுத கண்ணீராம். பர்மியர்களுக்கு அவள் நாட் தேவதை, நமக்கு மாரியாத்தாள். குடத்தைத் தூக்கினால் வீடு சேரும்வரை பேசக்கூடாது. பேசினால் கொட்டிவிட்டு மறுபடி போகணும். தின்கன்ஜூனில் எங்கள் தெருக் குழாயும்தான் வறண்டு கிடக்கிறது. அதற்காக அழ ஒருத்தியைக் காணோம்.

ஜூன் 11

அக்கா ரேவதியின் குழந்தை அனுவுக்கு மூன்றாம் நாளாக வயிற்றுப்போக்கு. உப்புக்கரைசலை ஊற்றுத் தண்ணீரில் பச்சையாகவே கரைக்கிறார்கள்.

"காய்ச்சினா ஆத்தா போயிருவாடா" என்கிறாள் அம்மா.

அனு போனா?

ஜூன் 13

ஷ்வேப்யிதாவில் நான் வேலை பார்க்கும் பாட்டில் தண்ணீர் ஆலையில் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். மலக்கிருமி. கூட வேலை செய்யும் மா கரீமா, பர்மிய வழக்கில் என்னை அண்ணனாக்கி, சொன்னாள்: "கோ சிவராஜ், ஊத்துக்கு மேல மாடு மேயுது போல."

ஜூன் 14

அம்மாவிடம் சோதனை முடிவுத் தாளைக் காட்டினேன். "ஆத்தாவுக்கே பரீட்சையா?"

ஜூன் 15

அதே முடிவைப் பெரிய பர்மிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மழைக்குப் பிளாஸ்டிக் உறையிட்டு, இருள்மரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். ஊர் திருந்தட்டும்.

ஜூன் 16

அனுவுக்குக் கண் சொருகிவிட்டது. கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா மறுபடி அந்தக் குடத்தைத் திறக்கிறாள்! கத்தினேன். பயனில்லை.

பொய் சொன்னேன். "ஆத்தா கனவுல வந்தா. குளுருதுடா, மூணு கொதி வச்சுக் குடுங்கடான்னா."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நான்கு வருடப் படிப்பு செய்யாததை ஒரு பொய் செய்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21

அனு வீடு முழுக்க ஓடுகிறாள். நன்றியெல்லாம் ஆத்தாவுக்கு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மாவுக்கு முழங்கால் வலி. குடம் தூக்க நான் கூடப் போனேன். காட்டில் தீ மூட்டத் தடை என்ற அரசாங்கப் பலகைக்குக் கீழேயே மூன்று கல் அடுப்பு. மரத்தில் என் பரிசோதனைத் தாள். அதற்குக் குங்குமம், மல்லிகைச் சரம்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னை அதட்டினாள்: "மூணு கொதி வரணும் தம்பி! பாட்டன் காலத்து மொறை. ஒங்கள மாதிரிப் பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

ஏழு வாரத்துப் பாட்டன்.

குடத்தைத் தூக்கினேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் துடித்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் மணி என்ன என்று கேட்டார்.

கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன்.