ராத்தா எழுதிய பாதி

ஒக்டோபர் 10, வெள்ளி.

கல்முனையில் வாங்கிய மோட்டர்களை இன்று காலை பொருத்தி முடித்தேன். கீறி வைத்த கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சின்னக் கார். மேசையில் விட்டேன். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பிக் கீழே விழப் பார்த்தது.

இதன் கணினி நிரலை நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும் கொரோனா முடக்க காலத்தில் எழுதினோம். வாப்பாவின் ஒரே போனில் வீடியோ பார்த்துப் படித்தோம். கையில் ஒரு வயர்கூட இல்லை. கார் ஓர் இணையத்தளத்தின் திரையில் மட்டும் ஓடியது. அது முதல்முறை வளைவைத் தாண்டியபோது ராத்தா போட்ட சத்தத்தில் உம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

ராத்தா கலியாணமாகிக் கட்டாருக்குப் போனபின் அந்தத் திரைக் காரை ஒரு போட்டிக்கு அனுப்பினேன், என் பெயரில் மட்டும். பரிசும் கிடைத்தது. அன்றிலிருந்து ராத்தா போன் எடுத்தால் உம்மாவோடு மட்டும்தான் கதைப்பார்.

திருப்பும் பகுதி ராத்தா எழுதியது. பிழை அதில்தான் என்று நினைத்து, தயங்கித் தயங்கி வீடியோவில் அழைத்தேன். எடுத்தார். காரை உற்றுப் பார்த்தார்.

"கணக்குச் சரி புள்ள. நீதான் ரெண்டு மோட்டர்ட வயரையும் மாறிக் கொழுவியிருக்காய்."

மாற்றினேன். கார் கோடு பிசகாமல் வளைந்தது.

"ராத்தா, அண்டைக்கு உங்கட பேரையும் போட்டிருக்கணும். பிழை என்னிலதான்."

"போனக் கிட்டக் கொண்டு வா. இன்னொருக்கா ஓட்டிக் காட்டு" என்றார்.

பற்றரி தீரும்வரை ஓட்டினேன்.