ஏழாம் கூண்டின் குட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் கூண்டு முயல் ஆறு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்குப் பின்னங்கால் இரண்டும் ஒட்டி ஒரே வாலாக இருந்தது. ஒன்றுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். ஒன்றுக்குக் காதே இல்லை. காது இல்லாமல் அது என்ன முயல்?

காதில்லாததை மட்டும் ஒன்பதாம் கூண்டுக் குட்டிகளோடு சேர்த்துவிட்டேன். அந்தத் தாயின் முடியை மேலே தேய்த்துவிட்டால் வாசனை ஒன்றாகிவிடும். அதற்கு எண்ணத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும்தான்.

மற்ற இரண்டையும் இவர் பார்த்துவிட்டார். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, சிமெண்ட் தூணில் ஒரே அடி. அப்புறம் அடுத்தது. கை கழுவிவிட்டு டீ கேட்டார்.

"உன் கைராசி அப்படி. நீ தொட்டது எது வெளங்கியிருக்கு?"

மார்ச் 9, திங்கள்

மிருக டாக்டரை நான்தான் கூப்பிட்டேன். "அப்பனையும் மகளையும் சேத்தா இப்படியும் பொறக்கும்மா. அட்டையைப் பாத்து ஜோடி சேக்கறதில்லையா?"

கூண்டுக்கு ஒரு தகர அட்டை. அப்பா யார், அம்மா யார், பிறந்த தேதி. எல்லாம் என் கையெழுத்து. ஒன்றுகூடத் தப்பில்லை, அடித்துச் சொல்வேன். ஆனால் மாட்டுவது யார்? கம்பியில் ஒட்டிய முடியைப் பொசுக்க இவர் கேஸில் தீ கக்கும் ஃப்ளேம் கன்னை எடுக்கும்போதெல்லாம் அட்டைகளைக் கழற்றி வாளியில் போடுகிறார். முடிந்ததும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டுகிறார். பெரியவன்தான் எங்களிடம் இருக்கும் ஒரே ஆண் முயல். ஏழாம் கூண்டுக்காரி அவனுடைய மகள்.

டாக்டர் போனதும் இவரிடம் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாளியாலேயே அடித்தார்.

மார்ச் 10

வலது கை வீங்கிவிட்டது. இது இடது கை எழுத்து.

மார்ச் 24, செவ்வாய்

காதில்லாதது குட்டிகள் கிடக்கும் பெட்டியை விட்டு வெளியே வந்து திரிகிறது. என் மகள் வாலு பார்த்துவிட்டாள். ஆறு வயதுக்கு இத்தனை வாய் ஆகாது. "இது முயல் இல்லம்மா, பந்து" என்கிறாள். அப்பாவிடம் மூச்சு விடாதே என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

இவர் மூன்றாம் கூண்டைப் பொசுக்கிக்கொண்டிருந்தார். வாலு பந்தைக் கவுனுக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பார்த்துவிட்டார். ஃப்ளேம் கன்னை எரிய எரியக் கீழே வைத்தார்.

"குடுடி."

கொடுக்கவில்லை. பிடுங்கப்போன கையைக் கடித்துவிட்டாள். இவர் அவளுடைய இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார் — அதே பிடி. குட்டிகளைத் தூக்குகிற அதே பிடி. தூண் பக்கம் திரும்பினார்.

அடிச்சிருப்பாரா? சும்மா மிரட்டத்தானா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க நான் நிக்கல.

ஃப்ளேம் கன்னை எடுத்து, தீயை அவர் கைக்கு நேராகப் பிடித்தேன். சட்டையும் தோலும் சேர்ந்து பொசுங்கின. முயல் முடி நாற்றம்தான், வேறில்லை. விட்டுவிட்டார். வாலு வைக்கோல் மேல் விழுந்தாள். அவர் அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன்.

"கிட்ட வந்தா அடுத்தது மூஞ்சிதான்."

என் குரலா அது?

மார்ச் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய அண்ணன் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். துணிமணி எடுக்க வந்தவர், "ஒரு பொம்பளை செய்யற வேலையா இது?" என்றார். தூணைக் காட்டினேன். கறையைப் பார்த்தார். துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

குட்டிக் கணக்கு எழுதிவைத்த பழைய நோட்டைப் பார்த்து அட்டைகளை நானே ஒவ்வொன்றாக மாட்டினேன். பெரியவனைத் தனியே அடைத்தாயிற்று. பந்துக்கு வாலு அட்டை எழுதினாள். அப்பா என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

கம்பியெல்லாம் முடி. ஃப்ளேம் கன்னைப் பற்றவைத்தேன். அந்த இரைச்சலுக்கு எல்லா முயலும் துள்ளி மூலைக்கு ஓடின. பந்து மட்டும் புல்லை மென்றுகொண்டே இருந்தது.

திரும்பினால் வாலுவைக் காணோம். கதவுக்குப் பின்னால், கணுக்கால் இரண்டையும் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

ஃப்ளேம் கன்னைப் பரணில் போட்டுவிட்டேன். இனிமேல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.