வெளித்தண்ணியில் வளர்ற மீன்

2.9.91, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மழை வர்ற அறிகுறியே இல்ல.

மீன் வந்திருச்சு. தங்கமீன், பன்னெண்டு. மெட்ராஸ்ல இருந்து பாலிதீன் பையில. மேனேஜர் ஜீப்ல மடியில வச்சுக்கினு வந்தாராம். பெத்த புள்ளையைக்கூட இப்படித் தூக்கியிருக்க மாட்டார்.

இது ரெண்டாவது செட். போன வாரம் வந்த ஆறையும் நெஜமாவே வெளித்தண்ணியில விட்டுப் பார்த்தாங்க. வெளித்தண்ணின்னா, வண்டி பாகத்துக்கு முலாம் பூசிக் கழுவுற தண்ணி. பிளாண்ட்ல நாங்க மருந்து போட்டு, தெளிய வச்சு, வாய்க்கால்ல விடுறது. பார்க்க இளநி மாதிரி இருக்கும். பத்து மணிக்கு மீனை விட்டோம். மூணு மணி டீ வர்றதுக்குள்ள ஆறும் மல்லாந்துடுச்சு.

இப்ப புது ஏற்பாடு. கண்ணாடித் தொட்டி அதே இடத்துல. வெளித்தண்ணி பைப் அதுக்குள்ள நீட்டிக்கினு இருக்கும், ஆனா வால்வு மூடியிருக்கும். உள்ள ஊத்துறது போர் தண்ணி.

மேனேஜர் சொல்லிட்டார், "ஊர்க்காரங்க வந்து பார்க்குறப்ப மீன் நீந்தணும். அவ்ளோதான் ஏழுமலை, உன் வேலை."

ஊர்க்காரங்கன்னா எங்க அக்கா ஊர். போன வருஷம் இந்தத் தண்ணி பாஞ்சு நாத்து கருகிப்போச்சு. இந்த வருஷம் நாத்து விடுறதுக்கு முன்னாடியே மணல் மூட்டை போட்டு வாய்க்காலை அடைச்சுட்டாங்க. பதினஞ்சு நாளாச்சு. தண்ணி திரும்பி வந்து எங்க காம்பவுண்டுக்குள்ள முழங்கால் அளவு நிக்குது. மே. (மேனேஜர், தினம் முழுசா எழுத முடியாது) பேண்ட்டை மடிச்சுவுட்டுக்கினு ஆபீஸ் போறார். அது ஒண்ணுதான் பார்க்க நல்லா கீது.

3.9.91, செவ்வாய்
மீன் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு. நனைஞ்சு கிழியறதுக்குள்ள இங்க எழுதிக்கிறேன்.
— போர் தண்ணியை அப்படியே ஊத்தாதே. ஒரு நாள் டிரம்ல நிக்கட்டும்.
— மொத்தத் தண்ணியும் மாத்தாதே. மூணுல ஒரு பங்கு, மூணு நாளைக்கு ஒருக்கா.
— அடியில சேர்ற கழிவை டியூப் வச்சு உறிஞ்சி எடு. (வாயாலதான் உறிஞ்சணும். இன்னிக்கு ரெண்டு வாய் உள்ள போச்சு. தூ.)
— சோப்பு ஆகாது. சோப்பு போட்ட கைகூட ஆகாது.
— தீனி, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. மிச்சமானா தண்ணி கெடும்.
— மேல வந்து வாயைப் பொளந்தா காத்து பத்தல.
— தெளிவா இருக்குன்னு நல்ல தண்ணின்னு நினைக்காதே.

கடைசி வரியை மே. படிச்சாரா தெரியல.

5.9.91, வியாழன்
மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. காத்து மோட்டார் நின்னுபோச்சு. பன்னெண்டும் மேல வந்து வாயைப் பொளக்குது. சொம்புல மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்திக்கினே இருந்தேன். கை கழண்டு போச்சு. முலாம் லைன்ல இருந்து வந்தவங்க சிரிப்பு. "இன்னா ஏழுமலை, மீனுக்கு அபிஷேகமா? பிரசாதம் எப்ப?" சிரிங்கடா.

ஒண்ணும் சாகல. சந்தோஷமா இருந்துச்சு. அதுதான் எரிச்சல். ஒரு பித்தலாட்டத்துக்கு இவ்ளோ அக்கறையா ஊழியம் பண்றேன்.

மே. வந்து முதுகுல தட்டினார். மாசக் கடைசியில என் பர்மனெண்ட் ஆர்டர் டைப் ஆயிடுமாம். மூணு வருஷமா இதே மாசக் கடைசிதான். இந்த வாட்டி நெஜம்னு தோணுது. மீன் இருக்குதே.

8.9.91, ஞாயிறு
ஓ.டி. பிளாண்ட்ல நான் மட்டும். காலையில இருந்து ஒரே யோசனை.

இருக்குறதுலேயே துடியா ஒண்ணைப் பிடிச்சு தனி பக்கெட்ல விட்டேன். தினம் ஒரு மக் வெளித்தண்ணி. கொஞ்சம் கொஞ்சமா பழக்கினா? பழகிட்டா, தொட்டிக்கும் அதையே ஊத்தலாம். அப்ப யாராவது கேட்டா நான் சொல்லப்போறது பொய்யாவாதே.

முதல் மக். நல்லா நீந்துது.

9.9.91
ரெண்டாவது மக். தீனி எடுக்கல. புது இடம், அதான்னு நினைக்கிறேன்.

10.9.91
மூணாவது. உடம்புல வெள்ளையா கோழை மாதிரி உரியுது. செவுள் படபடன்னு அடிச்சுக்குது. நிறுத்தியிருக்கணும், நல்ல தண்ணிக்கு மாத்தியிருக்கணும். மாத்தல. நாளைக்குத் தேறிடும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். செருப்பால அடிக்கணும் என்னை.

11.9.91, புதன்
செத்துக் கெடந்தது. நான் நாலாவது மக்கை கையில வச்சுக்கினு நிக்கிறேன்.

மே. தொட்டியை எண்ணினார்.
"பன்னெண்டு இருந்துச்சே?"
"ஒண்ணு போயிடுச்சு சார்."
"தண்ணியை ஒழுங்கா மாத்துறியா இல்லியா?"
என்னைக் கேக்குறாரு!

நாளன்னிக்கு ஊர்க்காரங்க வர்றாங்களாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வரணுமாம் நான்.

13.9.91, வெள்ளி
வந்தாங்க. பதினாலு பேர். கன்னியப்பன் அண்ணன் முன்னாடி. போன வருஷம் இவர் நாத்துதான் மொதல்ல கருகுனது. கடைசியில எங்க அக்கா சரோஜா. அம்மா போனப்புறம் எனக்கு சோறு போட்டு ஆளாக்குனவ. இந்தக் கம்பெனி கேட்டுல ரெண்டு நாள் உக்காந்து எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவதான்.

எல்லாருக்கும் கலர் சோடா, மிக்சர். மே. ஒரே பேச்சு. "மீனே உயிரோட இருக்கு, நாத்துக்கு என்னங்க ஆவப்போவுது?" ஒரு அம்மா கேட்டுச்சு, "இது கொழம்புக்கு ஆவுமா சார்?" ஒரே சிரிப்பு. மே.வும் சிரிச்சார்.

அப்புறம் கன்னியப்பன் அண்ணன் சிரிக்கிறதை நிறுத்திட்டார். "நீங்க சொல்றது இருக்கட்டும் சார். நம்ம சரோஜா தம்பி சொல்லட்டும். இன்னாப்பா, இது வாய்க்கால்ல வுடுற தண்ணிதானா?"

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. மே. மீனைப் பார்த்தார்.

"அதே தண்ணிதாண்ணே."

எவ்ளோ சுலபமா வந்துச்சு. நாக்குகூட குளறல. "அப்ப சரி, நம்ம புள்ள சொல்லிச்சுன்னா சரி"ன்னுட்டார். சாயந்திரமே மூட்டையை எடுத்துட்டாங்க. அக்கா கலர் குடிக்கல. போறப்ப "இளைச்சுட்டியேடா"ன்னு மட்டும் சொன்னா.

14.9.91, சனி
லேசா தூறல், மண்ணு நனையற அளவுகூட இல்ல. வாய்க்கால் ஓடுது. காம்பவுண்ட் வடிஞ்சிருச்சு. மே. எல்லாருக்கும் ஸ்வீட். நான் பாக்கெட்டைப் பிரிக்கல.

மூணுல ஒரு பங்கு மாத்தினேன். பதினொண்ணும் நல்லா கீது. செதில் பளபளன்னு. நாசமாப் போங்க.

15.9.91, ஞாயிறு
லீவு. காலையில சைக்கிளை எடுத்துக்கினு அக்கா ஊருக்கு. ஊர் எப்படியோ போவட்டும், அவளுக்காவது சொல்லிடணும். இப்படித்தான் நினைச்சுக்கினே மிதிச்சேன். என் புத்தி அவ்ளோதான்.

வழியில கன்னியப்பன் அண்ணன் நாத்தங்கால். கரை வரைக்கும் தண்ணி. அந்தத் தண்ணிதான். கரையில நின்னு கையை ஆட்டினார். "டீ சாப்ட்டுட்டுப் போ தம்பி!" நிக்கல.

அக்கா நாத்தங்காலுக்கு மட்டும் தண்ணி பாயல. மடையில சேறு வச்சு அடைச்சிருந்தா. கெணத்துல இருந்து குடம் குடமா தூக்கியாந்து தெளிச்சிக்கினு இருந்தா. இடுப்புப் புடவை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.

"வாய்க்கால் தண்ணி வுடலியாக்கா?"
"இல்ல."
"வுடாத. அது வந்து..."
"தெரியும்டா." குடத்தை இறக்கி வச்சா. "பொய் சொல்றப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"
"அப்ப ஏன் அவங்களுக்குச் சொல்லல?"
"மூட்டையை எடுக்கறதுக்கு முன்னாடி கன்னியப்பன் பொண்டாட்டி என்னாண்டதான் கேட்டா. 'உன் தம்பி சொல்றது நெஜம்தானே சரோஜா?'ன்னு."
"நீ இன்னா சொன்ன?"
"ஆமான்னேன். என் தம்பி பொய்யன்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்? உனக்கு வேலை போயிடாதா?"

நான் ஒரு குடம் தூக்கப் போனேன். வேணாம்னு கையைத் தட்டிவிட்டா.

பன்னெண்டு மணிக்கு இலை போட்டா. கத்திரிக்கா காரக்கொழம்பு, அப்பளம். வேணாம்னு எழுந்து வந்திருக்கணும். ரெண்டாவது வாட்டியும் போடச் சொல்லிக் கேட்டு சாப்ட்டேன், மானங்கெட்டவன்.